இரண்டு பட்டம் என்ற உரிமை குருவிகுளத்துக்கு எட்டுமா?

குருவிகுளத்தில் என்னிடம் படித்த மாணவி ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். "சார், ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சைக்காலஜியைக் கரஸ்ல படிக்க முடியாதுங்கிறாங்களே?"

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் கல்லூரி ஒன்றில் உடற்கல்வியியல் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறார். கூடவே தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிப்பது என்பது அவருடைய திட்டம். அதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். நான் சொன்னபோது அது சரியான தகவலாகவே இருந்தது. அவர் விண்ணப்பிக்கப் போன நேரத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது.

இது ஒரு மாணவியின் ஏமாற்றம் மட்டுமன்று. மனித உடலின் இயக்கத்தையும் மனத்தின் இயக்கத்தையும் சேர்த்துக் கற்க நம் கல்வி முறையில் இடம் இருக்கிறதா, இருந்தால் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

திறந்த கதவும் மூடிய கதவும்

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளை மேற்கொள்ளலாம் என்று அது கூறியது. அதற்கு மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகக் கல்லூரிக்குச் சென்று படிக்கலாம். ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலை அல்லது இணையவழியிலும் படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது.

அந்த அறிவிப்பு வந்தபோது பலரும் வரவேற்றோம். பொறியியல் படிப்பவர் பொருளாதாரமும், வணிகவியல் படிப்பவர் வரலாறும் கற்கலாம் என்று பேசப்பட்டது. என் மனத்தில் முதலில் தோன்றியது உடற்கல்வியும் உளவியலும்தான். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே மானியக் குழு மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இன் வரம்புக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது. 2025 ஜூலை–ஆகஸ்டு கல்விப் பருவம் முதல் புதிய மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் முதலியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த இரண்டு அறிவிப்புகளையும் தனித்தனியே படித்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் படிக்கும்போதுதான் சிக்கல் புலப்படுகிறது. உளவியலை இரண்டாம் பட்டமாகக் கற்க விரும்புபவருக்கு மூன்று வழிகளில் இரண்டு அடைபட்டுவிட்டன. எஞ்சியிருப்பது ஒரே வழி: இரண்டு பட்டப்படிப்புகளையும் நேரில் சென்று, வகுப்பு நேரம் மோதாமல் படிப்பது.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் காலைச் சுழற்சி, மாலைச் சுழற்சி என்று இயங்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே காலையில் ஒரு கல்லூரியும் மாலையில் மற்றொரு கல்லூரியும் செல்ல, கடினம் என்றாலும், முடியும். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் குருவிகுளத்திலிருந்து அதை எப்படிச் செய்வது? காலையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பே தவறிவிடும் ஊர்கள் இந்த ஒன்றியத்தில் உண்டு. உடற்கல்வி கற்பிக்கும் கல்லூரி ஒரு திசையில், உளவியல் கற்பிக்கும் கல்லூரி வேறொரு திசையில். உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு நகரத்தோடு நின்றுவிட்டது.

ஏன் இந்த இரண்டும் சேர வேண்டும்?

"இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாணவியின் கதையே அதற்கு விடை.

அவர் பள்ளியில் நல்ல ஹாக்கி வீராங்கனை. ஓர் ஆட்டத்தில் முழங்காலின் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தார். கால் நன்றாகிவிட்டது, இனி விளையாடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால், மைதானத்துக்கு வந்தவர் பந்தை நோக்கி ஓடுவார். எதிரே ஆள் வந்தால் நின்றுவிடுவார். நான் என்ன செய்தேன்? "பயப்படாதே, ஓடு" என்று கத்தினேன். மறுநாளும் கத்தினேன். இரண்டு மாதங்களில் அவர் விளையாட்டை விட்டுவிட்டார்.

முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். எலும்புகளின் பெயர்களும் தசைகளின் பெயர்களும் எனக்குத் தெரியும். ஆறிய காலை நம்ப மறுக்கும் மனத்தை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாது. உளவியல் என்று நான் படித்தது ஒரே ஒரு தாள். அதைத் தேர்வுக்காகப் படித்தேன், தேர்வோடு மறந்தேன். அந்தப் பிள்ளை விளையாட்டை விட்டதற்கு அவருடைய காலைவிட என் அறியாமையே பெரிய காரணம் என்று இன்று நினைக்கிறேன்.

இது குருவிகுளத்தில் மட்டும் நடப்பதன்று. முழங்காலின் முன் சிலுவைத் தசைநாரைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிளேர் ஆர்டெர்னும் அவருடைய குழுவினரும் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். 7,500-க்கும் மேற்பட்டோரின் தரவுகள் அதில் இருந்தன. ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு. காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியவர்கள் 65 விழுக்காடு. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான். மீண்டும் அடிபடுமோ என்ற அச்சமும் மனத்தளவில் தயாராக இல்லாமையும் இந்த இடைவெளியின் முக்கியக் காரணங்களில் அடங்கும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட கருத்து. கால் குணமானாலும் ஆள் திரும்புவதில்லை என்பதை எண்களே சொல்கின்றன.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர், மனச்சோர்வு நோய்க்கு ஆளான, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவினருக்கு மருந்து, ஒரு பிரிவினருக்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் மருந்து விரைவாக வேலை செய்தது. மருந்தைத் தூக்கி எறியலாம் என்று இதற்குப் பொருளில்லை. மனநோய்க்கு மருத்துவரையே நாட வேண்டும். ஆனால், உடலை அசைப்பது மனத்தைத் தொடுகிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வு அது.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்த இரண்டு துறைகளும் ஒரே வீட்டில் பிறந்தவை என்றே சொல்லலாம். 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர், தனியாக ஓட்டும்போது இருப்பதைவிடப் போட்டியாளரோடு ஓட்டும்போது மிதிவண்டி வீரரின் வேகம் கூடுவதைக் கவனித்து எழுதினார். சமூக உளவியலின் தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டீன், உளியின் மேல் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகிறது. ஆனால் அவருடைய தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்று வேறு வேறு விதமாக அசைகின்றன என்று கண்டார். அப்படியானால் திறன் என்பது தசை மனப்பாடம் செய்த ஒரே அசைவு அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கப்படும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போடுவது உடலா, மனமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் இதற்கு எடுத்துக்காட்டு தேட மாஸ்கோ போக வேண்டியதில்லை. குருவிகுளம் வட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் தீப்பெட்டி வேலைக்குப் போகிறார்கள். குச்சி அடுக்குவதிலும் பெட்டி ஒட்டுவதிலும் அவர்கள் விரல்கள் காட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குப் பெர்ன்ஸ்டீன் சொன்னது புரியும். சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில் நாள் முழுவதும் நின்று இழை முடிபவர்களின் இடுப்பு வலிக்கும், கூலியைப் பற்றிய அவர்களுடைய கவலைக்கும், இரவில் வராத தூக்கத்துக்கும் இடையே இருக்கும் தொடர்பை யார் ஆராய்கிறார்கள்? இடுப்பைப் பார்ப்பவர் ஒருவர். தூக்கத்தைப் பார்ப்பவர் வேறொருவர். பெரும்பாலும் இரண்டாமவர் இந்தப் பக்கம் இருப்பதே இல்லை.

பிரிந்தது எப்படி?

இந்தியாவில் உளவியலுக்கு முதல் தனித்துறை 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1920-இல், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. இரண்டு துறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நாட்டில் காலூன்றின. ஆனால் வேறு வேறு பாதைகளில் வளர்ந்தன. உளவியல் மெய்யியலின் பக்கத்தில் அமர்ந்து, பின்னர் மருத்துவமனையை நோக்கி நகர்ந்தது. உடற்கல்வி, பள்ளிக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சியாக நிலைபெற்றது. "டிரில் மாஸ்டர்" என்ற பெயர் எங்களுக்கு வந்தது அப்படித்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு நிர்வாகத்திலும் பதிந்துவிட்டது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் என்று நாம் பெருமைப்படலாம். அங்கே விளையாட்டு உளவியலும் கற்பிக்கப்படுகிறது. ஆனால், மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்ததால், கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் உளவியலோடு அவற்றுக்கு ஒட்டு இல்லாமல் போயிற்று. எங்கள் பகுதியில் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதனால், குருவிகுளத்துப் பிள்ளை இந்த இரண்டையும் படிக்க வேண்டுமானால் இரண்டு பல்கலைக்கழகங்களின் வாசலில் நிற்க வேண்டும்: இரண்டு சேர்க்கை, இரண்டு கட்டணம், இரண்டு தேர்வுக் கால அட்டவணை.

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் உடலியக்க அறிவியலும் உளவியலும் இணைந்த இரட்டைப் பட்டப்படிப்புகள் உண்டு. அங்கே மாணவர் ஒரே இடத்தில் சேர்கிறார். புள்ளியியல், ஆய்வு முறைகள் போன்ற பொதுப் பாடங்களை ஒரு முறை படித்தால் இரண்டு பட்டங்களுக்கும் அவை கணக்கில் கொள்ளப்படும். அதனால் தனித்தனியாகப் படித்தால் ஆகும் காலத்தைவிடக் குறைந்த ஆண்டுகளில் இரண்டு பட்டங்களும் கிடைக்கின்றன. உளவியல் பாடத்திட்டத்தை ஓர் அமைப்பும் உடற்பயிற்சி அறிவியல் பாடத்திட்டத்தை மற்றோர் அமைப்பும் தனித்தனியே மதிப்பிட்டு அங்கீகரிக்கின்றன. படித்து முடித்ததும் யாருக்கு எந்தப் பணி செய்ய உரிமை, அதற்கு மேல் என்ன பயிற்சி தேவை என்பது முன்பே தெளிவாக இருக்கிறது.

நமது 2022 நெறிமுறையில் இல்லாதது இதுதான். அது இரண்டு பட்டங்களை அருகருகே வைக்க அனுமதித்தது, அவற்றை இணைக்கவில்லை. பொதுப் பாடத்தை இரண்டு முறை படித்து, இரண்டு முறை தேர்வு எழுத வேண்டும். சுமையை ஏற்றிவிட்டு, "தூக்க உனக்கு உரிமை உண்டு" என்று சொன்னதுபோல் ஆயிற்று.

தடையின் நியாயம்

தொலைநிலையில் உளவியல் கூடாது என்ற முடிவைக் குறை கூறுவது எளிது. ஆனால், அதன் பின்னால் உள்ள கவலை உண்மையானது. அஞ்சலில் வந்த புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதிய ஒருவர், வாசலில் "ஆலோசகர்" என்று பலகை மாட்டிக்கொண்டு, தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒருவரை நடத்தப் புகுந்தால் என்ன ஆகும்? உளவியலுக்கு ஆய்வகம் வேண்டும். நேரடிப் பயிற்சி வேண்டும். மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பு வேண்டும். இயன்முறை மருத்துவத்தைத் தபாலில் கற்பிக்க முடியாது என்று ஏற்கும் நாம், உளவியலுக்கு மட்டும் விலக்குக் கேட்பது பொருந்தாது.

ஆகவே, பழைய தொலைநிலைப் படிப்பை அப்படியே திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் மாணவியும் அதைக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். நான் கேட்பது வேறு. தரமற்ற வழி என்று ஒன்றை மூடும் அரசுக்கு, தரமான வழி ஒன்றை அதே ஊருக்கு அருகில் திறக்கும் கடமை இல்லையா? தொலைநிலைக் கல்வியை நாடியவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். அருகில் கல்லூரி இல்லாதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், திருமணமாகிப் பிள்ளை வளர்ப்பவர்கள் அவர்களில் அதிகம். கதவு மூடப்பட்டபோது வெளியே நின்றவர்கள் அவர்களே.

நாட்டின் தேவையையும் பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. குறைபாட்டின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்போ உடற்பயிற்சியோ இல்லை என்று 2024-இல் லான்செட் குழும ஆய்விதழில் வெளியான உலகளாவிய ஆய்வு தெரிவித்தது. இரண்டு குறைகளும் பல வேளைகளில் ஒரே ஆளிடம், ஒரே வீட்டில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரிந்தவர்களை நாம் உருவாக்குவதில்லை.

இங்கே அவர்களுக்கு என்ன வேலை?

"படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவது?" என்பது எங்கள் ஊரில் எந்தப் படிப்பைப் பற்றிப் பேசினாலும் எழும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி.

முதல் விடை, பள்ளி. மாணவர்கள் ஆசிரியர்களிடம் சொல்லாததை விளையாட்டு மைதானத்தில் சொல்வார்கள். சாப்பிடாமல் வரும் பிள்ளை ஓடும்போது தெரிந்துவிடும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, கையை ஓங்கினால் ஒடுங்குவதில் தெரிந்துவிடும். இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் உடற்கல்வி ஆசிரியர். பார்த்ததை என்ன செய்வது, யாரிடம் அனுப்புவது என்று அவருக்குக் கற்பித்தால் பள்ளிக்குத் தனியாக ஓர் ஆலோசகர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வீடு தேடி வரும் மருத்துவம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பக்கவாதத்தால் கை கால் விழுந்த ஒரு விவசாயிக்கு இது பெரிய உதவி. ஆனால், பக்கவாதத்துக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கும் ஆளாகிறார் என்று ஆய்வுகள் கூறுகின்றன. மனம் சோர்ந்தவர் பயிற்சி செய்யமாட்டார். பயிற்சி செய்யாத கை திரும்பாது. "இவர் ஒத்துழைக்கமாட்டேன் என்கிறார்" என்று எழுதிவிட்டுப் போவதற்கும், ஏன் ஒத்துழைக்கவில்லை என்று அறிந்து நடத்துவதற்கும் இடையே ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, விளையாட்டு. குருவிகுளத்துக்குப் பக்கத்திலுள்ள கோவில்பட்டிக்கு ஹாக்கியில் நீண்ட மரபு உண்டு. அங்கு நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வருகின்றன. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியோடு மனநலப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2024 டிசம்பரில் உலக சதுரங்க வாகையர் ஆன நம் குகேஷுக்குத் துணை நின்றவரும் அவரே. உச்சத்தில் இருப்பவர்களுக்கு அத்தகைய துணை வேண்டும் என்பதை நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. உச்சத்துக்குப் போகும் வழியில், பதினைந்து வயதில், முழங்கால் கட்டோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு யார் துணை? குருவிகுளத்துக்குப் பேடி அப்டன் வரமாட்டார். குருவிகுளத்துப் பிள்ளை ஒருவர்தான் படித்துவிட்டு வர வேண்டும்.

செய்யக்கூடியது

என் கோரிக்கை பெரிதன்று. புதிய பல்கலைக்கழகம் வேண்டாம். புதிய கட்டடமும் வேண்டாம். உடற்கல்வியியல் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, தென் மாவட்டங்களில் ஒரே ஒரு கல்லூரியிலாவது உடலியக்கவியலும் உளவியலும் இணைந்த பட்டப்படிப்பைத் தொடங்கட்டும். பொதுப் பாடங்களை ஒரு முறை படித்தால் போதும் என்று ஆகட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் வழங்குவதற்கு மானியக் குழு 2022-இலேயே விதிமுறை வகுத்திருக்கிறது. கடல் கடந்து இணைய முடிகிற நமக்குச் சென்னையும் திருநெல்வேலியும் இணைய முடியாதா?

இதில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, இணைத்தன்மை. புதிய பெயர் கொண்ட பட்டத்தை வாங்கிக்கொண்டு அரசு வேலைக்கு விண்ணப்பித்தால், "இது எந்தப் பட்டத்துக்கு இணை?" என்று கேட்டு விண்ணப்பத்தை ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. படித்து முடித்தபின் இணைத்தன்மை ஆணைக்காக அலைய விடக்கூடாது. முதல் மாணவர் சேருமுன்பே ஆணை வர வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டத்தோடு வேறு எதைப் படிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லை. இந்தப் பட்டம் பெற்றவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடமாட்டார். இயன்முறை மருத்துவரும் ஆகிவிடமாட்டார். அந்தப் பணிகளுக்குத் தனிப் படிப்பும் பதிவும் உண்டு. இவர் மைதானத்திலும் பள்ளியிலும் மறுவாழ்வு மையத்திலும் முதலில் கவனிப்பவர், உரியவரிடம் அனுப்புபவர், திரும்பி வந்தபின் உடன் நிற்பவர். இந்த எல்லையைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்தால், தொலைநிலைப் படிப்பை மூடுவதற்குக் காரணமாக இருந்த அச்சமும் தீரும்.

மணிப்பூரில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அங்கே போய்ப் படிக்கலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். போகலாம். குருவிகுளத்திலிருந்து இம்பால் போய்ப் படிக்க முடிகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல்லூரிக் கட்டணத்தோடு பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வீடுகளைப் பற்றியே என் கவலை.

அந்த மாணவி இப்போது உடற்கல்வியியல் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தால், மாலையில் எங்கள் பள்ளி மைதானத்துக்கு வருகிறார். அடிபட்டுத் திரும்பிய சிறுமி ஒருத்தி ஓடத் தயங்கி நின்றபோது, நான் அன்று செய்ததுபோல் அவர் கத்தவில்லை. பக்கத்தில் போய் நின்று, "எந்த இடத்துல பயமா இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. தன் காலில் இருந்து அவரே கற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த கேள்வி என்ன, விடை வந்தால் என்ன செய்வது என்பதை அவருக்குக் கற்பிக்கும் வகுப்பறை எங்கே என்பதுதான் நான் இன்னும் பதில் சொல்லாத கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் தில்லியிலும் இருக்கிறார்கள்.